ரெமிங்டன் 700-க்கு எபாக்ஸி பெட்டிங்: எது தொடணும், எது தொடக்கூடாது

ரைஃபிளின் திருகைக் கால் சுற்று கூடுதலாக இறுக்கினால் குண்டு விழும் இடம் மாறுகிறது என்றால், குழலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அதைத் தாங்கும் மரக்கட்டையைப் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ரெமிங்டன் 700 பிடிஎல், .308 வின்செஸ்டர், வால்நட் கட்டை. பார்க்க அழகு, ஆனால் பயங்கர அடம். பென்சில்வேனியாவின் ஜூலைப் புழுக்கத்தில் நூறு கஜத்தில் ஜீரோ செய்து, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், நவம்பர் கடைசியில் மான் சீசன் வரும்போது ஹீட்டர் காற்றில் மரம் காய்ந்து குண்டு வேறெங்கோ போகும். துடைக்கக் கழற்றி மாட்டினாலும் அதே கதைதான். ஸ்கோப்பை மாற்றிப் பார்த்தேன், மவுன்ட் திருகுகளைப் பார்த்தேன், தோட்டா பிராண்டையும் மாற்றிப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் பெட்டிங் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பெட்டிங் என்றால் ரிசீவர் (குழல் மாட்டியிருக்கும், போல்ட் ஓடும் இரும்பு உடல்) உட்காரும் மரப்பள்ளத்தில் எபாக்ஸியை (இரண்டு பாகம் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) ஊற்றி, ரிசீவரையே அச்சாக வைத்து, அதன் அடிப்பாகத்துக்கு அப்படியே பொருந்தும் ஒரு இருக்கையை வார்த்து எடுப்பது. ஒட்டுவது அல்ல. வேலை முடிந்தபின் ரிசீவர் கையோடு வெளியே வரவேண்டும், திரும்ப வைத்தால் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ரிசீவர் பின்னுதைப்பில் மரத்தை இடிக்கிறது. இடித்துவிட்டு முடியளவு விலகிப் போய் உட்கார்ந்தால், அடுத்த குண்டுக்குக் குழல் அதிரும் விதமே மாறிவிடும். இருக்கை சரியாக இருந்தால் எத்தனை முறை உதைத்தாலும் பழைய இடத்துக்கே திரும்பும். அதைத் தாண்டி இதில் மாயம் எதுவும் இல்லை.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு, துப்பாக்கி தயாரிக்கவும் விற்கவும் மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் கேட்கிறது. அதனால் அங்கே இது உரிமம் பெற்ற பட்டறைக்காரரின் வேலை. இங்கே அமெரிக்காவில் சொந்த ரைஃபிளின் கட்டையில் கை வைப்பதற்குத் தடை இல்லை.

700-ன் உடல்வாகைத் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரியும். 1962-ல் சந்தைக்கு வந்த ரைஃபிள் இது. ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கரும் அவரோடு இருந்தவர்களும் அதற்கு முன்பே 721, 722 என்று போட்டுவைத்த வடிவத்தின் தொடர்ச்சி. பழைய ஜெர்மன் ரைஃபிளான மவுசர் 98-ஐ எடுத்துக்கொண்டால் ரிசீவரின் அடி தட்டையாக இருக்கும், பின்னுதைப்பைத் தாங்கும் லக் ரிசீவரோடு ஒரே இரும்பில் கடைந்தது. ரெமிங்டனில் ரிசீவர் வெறும் உருளை. லக் என்பது குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் சொருகி இறுக்கிய தடித்த தகடு, கீழ்ப்பக்கம் நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும். தயாரிக்கச் செலவு குறைவு. ஆனால் உருளைக்குத் தட்டையான அடி இல்லாததால், குண்டு குழலின் சுழலில் திரும்பும்போது வரும் முறுக்கைத் தாங்க அந்த ஒரு நாக்கும் சுற்றியுள்ள மரமும்தான் உண்டு. அந்த மரம் வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கி லக்கின் பின்னால் இடைவெளி விட்டிருந்தது. லக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பின்சுவரின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் தொழிற்சாலையில் வெட்டிய கருவியின் தடம் அப்படியே. அதாவது, ஒரு மூலை மட்டும்தான் இத்தனை நாள் மொத்த உதையையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மரக்கட்டை படுத்தும் பாடு என் வீட்டோடு நிற்பதில்லை. அமெரிக்க மரைன் படை 1966-ல் இதே 700-ஐ எம்40 என்ற பெயரில் ஸ்னைப்பர் ரைஃபிளாக எடுத்து, மரக்கட்டையோடு வியட்நாமுக்குக் கொண்டுபோனது. அந்த ஈரத்தில் மரம் உப்பி வளைந்து குழலை முட்ட ஆரம்பித்தது. 1970-களில் வந்த எம்40ஏ1-ல் மரத்தை ஒரேயடியாக விட்டுவிட்டு மெக்மில்லன் ஃபைபர் கிளாஸ் கட்டைக்குப் போனார்கள். நானும் ஃபைபர் கட்டை வாங்கியிருக்கலாம். ஆனால் இந்த வால்நட்டில் ஓடும் ரேகையைப் பார்த்தபின் மனசு வரவில்லை. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் உப்புவதும் சுருங்குவதும். திருகுகள் இறுக்கிப் பிடிப்பதும் அதே குறுக்குவாக்கில்தான். அதனால்தான் எபாக்ஸி மட்டும் போதாது, திருகு போகும் துளைகளுக்குள் மரம் அமுங்காமல் தாங்கும் அலுமினியத் தூண்களும் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும். குழலில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, அதை மூடித் திறக்கும் போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். வேலை நடந்த நாட்கள் முழுக்க இந்த ஒழுங்கு மாறவில்லை.

சோதனைக்கு ஒரு டயல் கேஜும் காந்த அடியும் போதும். காந்த அடியைக் குழலில் ஒட்டவைத்து, கேஜின் முள்முனையைக் கட்டையின் முன்நுனியில் படவைத்து, முன் திருகை மெல்லத் தளர்த்தினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறோம். நல்ல இருக்கையில் 0.002, 0.003 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் 700-ல் இதை அப்படியே செய்தால் தப்பான பதில் வரும். தொழிற்சாலைக் கட்டையின் முன்நுனியில் குழலை வேண்டுமென்றே மேலே தள்ளும் சிறு மேடு ஒன்று இருக்கும். திருகு தளர்ந்ததும் அந்த மேடு குழலைத் தூக்கும், முள் தாவும், நாம் பாவம் ரிசீவரைக் குறை சொல்வோம். அதனால் மேட்டை முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் அளந்தேன். அப்போதும் முள் 0.012 அங்குலம் நகர்ந்தது. ரிசீவர் உண்மையாகவே வளைத்து இறுக்கப்பட்டிருந்தது என்பதில் அதற்குமேல் சந்தேகமில்லை.

தூண்களைக் கடைந்து கொடுத்தது என்னோடு வேலை பார்க்கும் கோயமுத்தூர்த் தம்பி. அவருடைய அப்பா கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவர், இவர் பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேயே கழித்தவர். 9/16 அங்குல வெளிவிட்டமுள்ள அலுமினியக் கம்பியில் நடுவில் துளை. துளையின் அகலம்தான் முக்கியம். 700-ன் திருகு கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. துளை அதைவிட ஒரு மில்லிமீட்டராவது பெரிதாக இருக்கவேண்டும். திருகின் உடம்பு தூணின் சுவரைத் தொட்டால், பின்னுதைப்பு லக்குக்குப் போவதற்கு முன் திருகுக்குப் போகும். லக் செய்ய வேண்டிய வேலையைத் திருகு செய்தால், இவ்வளவு பாடும் வீண்.

தூணின் நீளத்தை நான் ஊகிக்கவில்லை. ரிசீவரின் அடிக்கும் கீழே வரும் ட்ரிக்கர் கார்டு சட்டத்துக்கும் உள்ள தூரத்தைப் பழைய பொருத்தத்திலேயே அளந்து வைத்துக்கொண்டேன். தூண் நீளமானால் மேகசின் பெட்டி தொளதொளவென்று ஆடும், ட்ரிக்கர் கார்டு கட்டைக்கு வெளியே தெரியும். குட்டையானால் மேகசின் பெட்டி ரிசீவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ரிசீவரைத் தூக்கிப் பிடிக்கும். பெட்டிங் செய்தும் சரியாகச் சுடவில்லை என்று வரும் ரைஃபிள்களில் இந்தப் பெட்டியை முதலில் பாருங்கள். எல்லாத் திருகையும் இறுக்கிய பின்னும் அது கைக்கு லேசாக மேலும் கீழும் அசைய வேண்டும்.

கட்டையின் திருகு துளைகளை டிரில் பிரஸ்ஸில் வைத்து அகலப்படுத்தினேன். கையில் பிடிக்கும் டிரில் வேண்டாம். பின் திருகு இருக்கும் வால் பக்கத்தில் மரம் மெல்லியது, ஒரு கோணல் போதும் பிளக்க. தூண்களைத் தனியாக ஒட்டி, மேல் முனைகளை ரிசீவரின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்து, ரிசீவரை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒரே சமயத்தில் தொடுகிறதா என்று பார்த்தேன். இதற்கு லிப்ஸ்டிக் நல்ல பொருள். இதற்கென்றே விற்கும் நீலச் சாயமான பிரஷ்யன் புளூ வாங்குகிறவர்கள் வாங்கட்டும். கையிலும் சட்டையிலும் அது ஒருமுறை பட்டால் போகாது. ரிசீவரின் அடியில் சிவப்பைப் பூசி வைத்து எடுத்தால் எங்கே தொடுகிறதோ அங்கே நிறம் படியும். படிந்த இடத்தை அரத்தால் ஒரு இழுப்பு, திரும்பவும் வைத்து எடு. பொறுமைதான் வேலை.

தூண்கள் உயரத்தைப் பிடித்துக்கொண்டபின் மரத்தைத் தாராளமாகக் குடையலாம். லக் குழியைச் சுற்றியும் அதற்குப் பின்னால் ரிசீவர் வளையம் உட்காரும் இடத்திலும், வால் பக்கத்திலும் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தை எடுத்தேன். மேல் விளிம்பை மட்டும் தொடவில்லை. வெளியே தெரியும் கோட்டில் மரம் இரும்போடு சேரவேண்டும், எபாக்ஸி கோடாகத் தெரிந்தால் கண்ணை உறுத்தும். சாய்வாகச் சில சின்னத் துளைகள் போட்டு எபாக்ஸிக்கு வேர் பிடிக்க இடம் கொடுத்தேன்.

வால் பக்கத்து மரம் கறுத்திருந்தது. பல வருஷம் துப்பாக்கியைத் துடைத்த எண்ணெய், நிமிர்த்தி வைக்கும்போது கீழே இறங்கி அங்கே ஊறிவிடும். எண்ணெய் மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, திரும்பத் துடைத்து, துணியில் மஞ்சள் வருவது நிற்கும் வரை விடவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஹீட்டர் எரியக்கூடாது.

எபாக்ஸி வகையில் ஆளாளுக்கு ஒரு கட்சி. டெவ்கான் ஸ்டீல் புட்டி என்பார்கள், மரைன்-டெக்ஸ் என்பார்கள். நான் பிரவுனெல்ஸ் அக்ராகிளாஸ் ஜெல் எடுத்தேன். இரண்டு பாகமும் சமமான கொள்ளளவில் கலக்கவேண்டும் என்பதால் கணக்கில் தவறாது. பழைய அக்ராகிளாஸ் நீர்த்தது, அதற்கு நாலுக்கு ஒன்று விகிதம். ஓடி வழியும், மரப்பள்ளத்தில் அதைக் கட்டிப்போடுவது பெரும்பாடு. ஜெல் கெட்டியான இட்லி மாவுப் பதத்தில் வைத்த இடத்தில் நிற்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் கடை எபாக்ஸியை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ரிசீவரை நேராக்கி வழிந்ததைத் துடைப்பதற்குள் அது இறுகிவிடும்.

உண்மையான வேலை இனிமேல்தான். கலவை பூசுவது சில நிமிடம். அது எங்கெல்லாம் போகக்கூடாது என்று அடைப்பதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ட்ரிக்கரைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களையும் தட்டி எடுத்து ட்ரிக்கரைக் கழற்றினேன். அந்தப் பின்களில் ஒன்றுதான் போல்ட் பின்னால் கழன்று வராமல் தடுக்கும் போல்ட் ஸ்டாப்பையும் அதன் ஸ்பிரிங்கையும் பிடித்திருக்கிறது, கீழே ஒரு துணி விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்கள் போகும் துளைகள், போல்ட் ஸ்டாப் காடி, மேகசின் வாய் என்று எபாக்ஸி உள்ளே நுழைந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒவ்வொரு ஓட்டையிலும் குழந்தைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணை அடைத்து, பிளேடால் சமமாக வழித்துவிட்டேன். கட்டைப் பக்கம் ட்ரிக்கர் துளைக்கும் மேகசின் பள்ளத்துக்கும் களிமண் அணை. ஒரு சின்னத் துளையை விட்டாலும் அங்கே போன எபாக்ஸி ஆணியாக இறுகி ரிசீவரைக் கட்டையோடு பூட்டிவிடும். அப்புறம் கட்டையை உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

உருளை ரிசீவரில் இன்னொரு வலை உண்டு. அதன் பாதி உயரத்தில்தான் அகலம் அதிகம். எபாக்ஸி அந்தக் கோட்டுக்கு மேலே ஏறினால், தோளைச் சுற்றிக் கைபோட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் பாதிக்கோட்டுக்குக் கீழே நிற்குமாறு அளவாகப் போடவேண்டும், வழிந்ததை உடனே துடைக்கவேண்டும்.

லக்கின் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி ஆகிய நான்கிலும் தடிமனான டேப் ஒரு சுற்று ஒட்டினேன். பின்முகத்தில் ஒட்டவில்லை. வார்த்து முடித்து டேப்பை உரித்தபின் அந்த நான்கு பக்கமும் டேப்பின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்கும். பின்முகம் மட்டும் எபாக்ஸியில் முழுசாகப் படிந்திருக்கும். பின்னுதைப்பு போகும் திசை அதுதான், அங்கேதான் தாங்கவேண்டும். அடியில் இடைவெளி இல்லாவிட்டால் லக்கின் நுனி குழியின் தரையை முட்டி, ரிசீவர் தூணில் உட்காராமல் நொண்டும். பக்கவாட்டு டேப் வேண்டாம், அங்கேயும் இறுக்கிப் பிடித்தால் முறுக்குக்கு நல்லது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் லக் எபாக்ஸியைச் சுரண்டிக்கொண்டே வரும். நான் அடிக்கடி கழற்றுகிறவன், எனக்கு இடைவெளி வசதி.

குழலின் முன்பகுதியிலும் டேப் சுற்றினேன், ஆனால் வேறு காரணத்துக்கு. கட்டையின் குழல் வாய்க்காலில் குழல் நட்டநடுவில் நிற்கும் அளவுக்குச் சுற்றினால், எபாக்ஸி இறுகும்வரை முன்பக்கத்தை அது தாங்கும். வாய்க்காலை முன்பே உப்புத்தாள் சுற்றிய உருளைக் கட்டையால் தேய்த்து அகலப்படுத்தியிருந்தேன். டாலர் நோட்டு நுழைந்தால் போதும் என்பார்கள். நோட்டின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். பைபாட் (முன்னால் மாட்டும் இரண்டு கால் தாங்கி) மேல் சாய்ந்தால் மரம் அதைவிட அதிகமாக வளையும். இரண்டு மூன்று விசிட்டிங் கார்டு ஒன்றாக உரசாமல் போகும் அளவுக்கு விட்டேன்.

பிரிந்து வருவதற்கு மெழுகு. நிறமில்லாத கிவி ஷூ பாலிஷை ரிசீவரின் அடி, லக், குழலின் முதல் இரண்டு அங்குலம், வழிகாட்டித் திருகுகள் எல்லாவற்றிலும் மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, துணியால் தேய்த்து, திரும்பவும் ஒருமுறை. லக்கின் பின்முகத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். உதவிக்கு வந்த தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இத்தன மெழுகு பூசுனா ஒட்டுமாங்க?"

"ஒட்டக்கூடாதுங்க தம்பி, அதுதான் வேலையே."

"அப்ப அந்த ஸ்க்ரூவுக்கும் பூசிட்டீங்களா?"

பூசியிருந்தேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ரிசீவரைப் பற்றியே நினைத்துக்கொண்டு திருகின் மரையை மறப்பவர்கள் அதிகம். தலையில்லாத நீளமான வழிகாட்டித் திருகுகளை ரிசீவரில் மாட்டி, அவை தூணின் துளையில் நட்டநடுவில் நிற்க டேப் சுற்றியிருந்தேன். கட்டையின் வெளிப்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப்.

கலக்குவது மெதுவாக, நாலைந்து நிமிடம், அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி ஏறும். பழுப்புச் சாயம் ஒரு துளி. ஐஸ் குச்சியால் முதலில் லக் குழியின் பின்சுவர், மூலைகள். அழுத்தித் தேய்த்துப் பூசவேண்டும், மேலே குவித்து வைத்தால் மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும். லக்கின் பின்முகத்திலும் கொஞ்சம் தடவினேன். அப்புறம் ரிசீவரை நேர் மேலிருந்து இறக்கினோம். இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பிசின் பிதுங்கி வந்தது. அது வந்தால் நிம்மதி, எங்காவது வரவில்லை என்றால் அங்கே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இறுக்குவதில்தான் கை கட்டுப்பாடு வேண்டும். இங்கே திருகுகளை டார்க் (அளந்த முறுக்குவிசை) வைத்து இறுக்கினால் ரிசீவரை மறுபடியும் வளைத்து, அந்த வளைவையே எபாக்ஸியில் நிரந்தரமாக வார்த்துவிடுவோம். வழிகாட்டித் திருகுகள் இடத்தைக் காட்ட மட்டும். தூணில் தொட்டு உட்கார்ந்தது தெரிந்ததும் விரலை எடுத்துவிட்டேன். ரப்பர் குழாயை ரிசீவருக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி விட்டது போதுமானதாக இருந்தது. வழிந்ததைச் சமையலறை வெள்ளை வினிகரில் நனைத்த காது குடையும் பஞ்சால் துடைத்தேன். இறுகாத எபாக்ஸிக்கு வினிகர் நன்றாக வேலை செய்கிறது, மரத்தின் பாலிஷையும் கெடுக்கவில்லை.

கார் ஷெட்டில் இதைச் செய்யாதீர்கள், குளிரில் எபாக்ஸி இறுக மறுக்கும். வீட்டுக்குள் அறைச் சூட்டில், வைஸில் சமமட்டமாகப் பிடித்து வைத்தேன். சில மணி நேரம் கழித்து, ரப்பர் பதத்தில் இருக்கும்போது, வழிகாட்டித் திருகுகளைக் கால் சுற்று திருப்பிப் பார்த்தேன். திரும்பின. ஓரத்தில் மிஞ்சியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வெட்டி எடுப்பதற்கும் இதுதான் சமயம். கல்லான பிறகு உளி எடுத்தால் மரத்தின் விளிம்பும் சேர்ந்து போகும்.

ஒரு நாள் முழுக்கக் கழிந்தபின் பிரித்தோம். குழலைத் தோல் சுற்றிய பிடியில் மாட்டி, கட்டையின் முன்நுனிக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால், நேராக மேலே வரவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றினால் லக் புதுச் சுவரைக் கீறிவிடும். அசையாவிட்டால் ஃப்ரீஸரில் சில மணி நேரம் வைக்கலாம், இரும்பு சுருங்கி விட்டுக்கொடுக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. "டப்" என்று ஒரு சத்தம், ரிசீவர் கையில்.

எபாக்ஸியில் ரிசீவரின் அடி முழுக்கப் பதிந்திருந்தது. சீரியல் நம்பர் இருக்கும் பக்கத்தில் அரைத்த நுண்ணிய கோடுகள்கூட, கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பில் தலைகீழாக. லக்கின் பின்சுவர் ஓட்டையில்லாமல் முழுசாக வந்திருந்தது. வால் பக்கம் குண்டூசித் தலை அளவில் மூன்று நாலு குமிழிகள். அவற்றை நிரப்பவில்லை, அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது. லக் பின்சுவரில் குமிழி இருந்திருந்தால் சொரசொரப்பாக்கித் திரும்பப் பூசியிருப்பேன்.

டேப்பை உரித்து, களிமண்ணைச் சுரண்டி, திருகு துளைகளுக்குள் மெலிதாகப் படர்ந்திருந்த எபாக்ஸியை டிரில் பிட்டைக் கையால் திருப்பி எடுத்தேன். மேல் விளிம்பில் கூர்மையாக நின்ற உதட்டை அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டேன், இல்லாவிட்டால் அது உடைந்து பொடி உள்ளே விழும். போல்ட் கைப்பிடி கீழே இறங்கும் காடியில் மரம் தொடவில்லை என்று காகிதம் நுழைத்துப் பார்த்தேன். உப்புத்தாள் பட்ட மரம் எல்லாம் பச்சையாக நிற்கிறது, ஈரம் அதன் வழியாகத்தான் ஏறும். குழல் வாய்க்கால், மேகசின் பள்ளம் எல்லாவற்றுக்கும் டங் எண்ணெய் மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்துக் காயவிட்டேன். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம், வெளியே தெரியாத இடம்தானே என்று. மரத்துக்கு அப்படி ஒரு பாகுபாடு கிடையாது.

ட்ரிக்கரையும் போல்ட் ஸ்டாப்பையும் மாட்டியபின், காலித் துப்பாக்கியில் சேஃப்டி பிடிக்கிறதா, போல்ட்டை வேகமாக அறைந்து மூடினால் ஊசி விழாமல் நிற்கிறதா, போல்ட் ஸ்டாப் நிறுத்துகிறதா என்று எல்லாம் பார்த்தேன். ட்ரிக்கர் பக்கம் ஒரு துணுக்கு எபாக்ஸி இருந்தாலும் சுடக்கூடாது.

திருகுகளை அங்குல-பவுண்ட் டார்க் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினேன். அலுமினியச் சட்டக் கட்டைகளுக்கு 65 என்பது வழக்கமான எண், தூண் இல்லாத வெறும் மரத்துக்கு 35, 40-க்கு மேல் போனால் மரம் அமுங்கும். தூண் வைத்த மரம் என்பதால் 50-ல் நிறுத்தினேன், சுமார் 5.6 நியூட்டன் மீட்டர். திரும்ப டயல் கேஜ். முன் திருகைத் தளர்த்தினால் முள் 0.001 அங்குலத்துக்குள் நின்றது. பின் திருகுக்கு முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

ரேஞ்சில் பழைய பெட்டியிலேயே மிச்சமிருந்த 150 கிரெய்ன் வேட்டைத் தோட்டா, அதே நூறு கஜம், குழல் கைபொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு ஐந்து ஐந்தாக. முன்பு ஐந்து குண்டு ஒன்றேமுக்கால் அங்குலத்தில் பரவும், அதிலும் மேல்கீழாக நீளும். இப்போது ஒரு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டி வட்டமாக விழுகிறது. நூறு கஜத்தில் ஒரு எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 1.047 அங்குலம், ஆக ஏறக்குறைய அங்கே வந்துவிட்டது. வேட்டைத் தோட்டாவுக்கும் மெல்லிய குழலுக்கும் இதைவிட ஆசைப்படுவது பேராசை. இதில் எவ்வளவு பெட்டிங்கால், எவ்வளவு முன்நுனி மேட்டை எடுத்ததால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, இரண்டையும் சேர்த்தேதான் செய்தேன். குழல் தேய்ந்திருந்தாலோ முனை அடிபட்டிருந்தாலோ எந்த எபாக்ஸியும் காப்பாற்றாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ரேஞ்ச் மேசையிலேயே இரண்டு திருகையும் கழற்றி, ரிசீவரைக் கட்டையில் இருந்து தூக்கி, திரும்ப வைத்து, 50-க்கு இறுக்கிச் சுட்டேன். குண்டுகள் பழைய கூட்டத்துக்குள்ளேயே போய் விழுந்தன. பக்கத்து மேசைப் பெரியவர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, ஏன் கழற்றினாய் என்று கேட்டார். இதற்காகத்தான் என்றேன்.

திருகுகளை முதல் இருபது குண்டுக்குப் பின் ஒருமுறை டார்க் பார்த்தேன், பின் திருகு கொஞ்சம் இறங்கியிருந்தது, 50-க்கு ஏற்றினேன். அதற்கப்புறம் நகரவில்லை. அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி ட்ரிக்கர் கார்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், நாளைக்கு வேறு யாராவது கழற்றினால் தெரியவேண்டுமே. தம்பி தன்னுடைய .22-க்கும் தூண் கடையத் தொடங்கிவிட்டார். அதில் உதை இல்லையே, எதற்கு என்று கேட்டால், "லேத்து சும்மாதானுங்ணா கெடக்குது" என்கிறார்.